மழை நாளில் பார்க்க வேண்டிய வீடு

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை ஊர்களில், கல்முனை வீதியை விட்டு வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில், பூட்டிக் கிடக்கும் பழைய கல்வீடு ஒன்றையாவது காணாமல் போக முடியாது. விறாந்தைத் தூண்களில் பாசி படர்ந்திருக்கும். ஓட்டிடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கும். முற்றத்தைப் பற்றை மூடியிருக்கும். அத்தகைய வீட்டுக்கு ஊரார் போடும் கணக்கில் இரண்டே இரண்டு தொகைகள் உண்டு. ஒன்று காணியின் விலை. மற்றது கட்டடத்தை இடித்து அள்ளுவதற்கான கூலி. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதே அதன் பெறுமதி. ஓந்தாச்சிமடத்துக்கு அருகில், என் மனைவியின் அம்மம்மாவுக்கு 1938ஆம் ஆண்டு சீதனமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட வீட்டுக்கும் இதே கணக்கைத்தான் எல்லோரும் போட்டார்கள். கட்டட வேலைகளை மேற்பார்வை செய்யும் தொழில்நுட்ப உத்தியோகத்தராக நெடுங்காலம் இருந்தவன் என்பதால், கடைசியாக ஒரு முறை பார்த்து இடிக்கச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. பார்த்த பிறகு என் முடிவு வேறாக இருந்தது. அந்த வீடு பராமரிப்பு இல்லாமல் கெட்டதைவிடத் திருத்தப்பட்டதால் கெட்டதே அதிகம்; யாரும் கை வைக்காமல் விட்ட பகுதிகளே இன்றும் உறுதியாக நிற்கின்றன.

இதை விளங்கிக்கொள்ள அந்த வீட்டின் இரண்டு அறைகளை ஒப்பிட்டால் போதும். 1990இல் குடும்பம் இடம்பெயர்ந்தபோது வீடு பூட்டப்பட்டது. 2002இல் போர்நிறுத்தம் வந்து வெளிநாட்டு உறவினர்கள் ஊருக்கு வந்துபோகத் தொடங்கிய காலத்தில், மனைவியின் மாமா ஒருவர் பணம் அனுப்பி வீட்டின் முன்பகுதியைத் திருத்துவித்தார். பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சீமெந்து பூசினார்கள். அதன்மேல் பளபளப்பான பெயின்ட் அடித்தார்கள். பணம் அவ்வளவில் முடிந்துவிட்டதால் பின்னறை அப்படியே விடப்பட்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையின் நீர் எங்கள் ஒழுங்கைவரை ஏறி, வீட்டுக்குள்ளும் முழங்காலளவு நின்று வடிந்தது. இரண்டு அறைகளையும் நனைத்தது ஒரே உப்பு நீர்தான். ஆனால் இன்று முன்னறைச் சுவர் இடுப்பு உயரத்துக்கு மேலும் பெயர்ந்து, தட்டினால் பொள்ளென்று ஒலிக்கிறது. பின்னறைச் சுவரிலோ காய்ந்த வெள்ளைத் தூள் மட்டுமே இருந்தது, அதையும் தும்புத்தடியால் தட்டிவிட முடிந்தது.

காரணம் எளிமையானது. செங்கற் சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதை முழுதாகத் தடுக்க முடியாது. மணற்பாங்கான, நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் நம் கரையோரத்தில் அது இன்னும் அதிகம். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் இருப்பதால் உறிஞ்சிய ஈரம் சுவரின் முகத்தால் ஆவியாகிப் போய்விடும். கூடவே வரும் உப்பு மேற்பரப்பில் பூத்து உதிரும். சீமெந்துப் பூச்சும் அதன்மேல் பூசிய பெயின்டும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. வெளியேற முடியாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலும் மேலும் ஏறுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைக் கல்லோடு சேர்த்துத் தள்ளுகிறது. சுவர் பெயர்வதைக் கண்டதும் இன்னும் கனமாகச் சீமெந்து பூசுவதுதான் நம்மவர் வழக்கம். அது சில மாரிகளுக்குத் தாங்கும். பிறகு இன்னும் உயரத்தில் பெயரும்.

அந்தக் காலத்து மேசன்மார் சுண்ணாம்பைப் பயன்படுத்தியதற்குப் பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை, கையில் கிடைத்தது அதுதான். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கும்வரை சீமெந்து நமக்கு இறக்குமதிப் பொருள். கரையோரத்தில் முருகைக் கல்லைச் சூளையில் சுட்டு நீற்றிச் சுண்ணாம்பு எடுத்தார்கள். சுடும்போது கல்லிலிருந்து பிரியும் கரியமில வாயுவை, பூசிய பின் சுண்ணாம்பு காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. இது நாட்கணக்கில் முடியும் வேலை அன்று. மெல்லிய பூச்சாகப் பூசி, ஈரச் சாக்குப் போட்டு, பொறுத்திருக்க வேண்டும். முருகைக் கல் எடுப்பதும் சுடுவதும் இன்று கரையோரத்தில் சட்டப்படி தடை. கடல் அரிப்பையும் மீன் வளத்தையும் நினைத்தால் அந்தத் தடை நியாயமானதே. மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்பு இப்போது கடைகளில் கிடைக்கிறது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல் என்ற கலவை பின்னறையில் வெடித்திருந்த இடங்களுக்குப் போதுமானதாக இருந்தது. மாதிரிக்குப் பூச வந்த இளம் மேசன், "ஒரு சட்டி சீமெந்து போட்டாத்தான் சேர் பிடிக்கும்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. சுண்ணாம்பு வேலை அவருடைய காலத்துக்கு முன்பே நின்றுவிட்டது.

பழைய வீடு ஒன்றை மதிப்பிட விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, வெயில் நாளில் போக வேண்டாம் என்பதுதான். நம்மவர்கள் விடுமுறையில், ஆடி ஆவணியில், கச்சான் காற்று அனலாக வீசும் நாட்களில் வந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். அப்போது வீடு காய்ந்து கிடக்கும், தூசியும் சிலந்தி வலையும் தெரியும், நோய் தெரியாது. மட்டக்களப்பின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை வரையான மாரியில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகவே கார்த்திகையில், குடையும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு, மழை வலுத்த பிறகு போக வேண்டும். கூரையில் எந்த இடத்தில் ஒழுகுகிறது, ஒழுகிய நீர் எந்தச் சுவரில் இறங்குகிறது, முற்றத்து வெள்ளம் வீட்டை நோக்கி வருகிறதா விலகி ஓடுகிறதா, கிணற்றுக் கட்டைச் சுற்றி நீர் தேங்குகிறதா என்பனவெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் இப்படிப் பார்த்தபோது, பயமுறுத்துவதாக இருந்த மழைநீர்ச் சேதம் முழுவதும் இரண்டு இடங்களில் தொடங்குவது தெரிந்தது. ஒன்று, முன்கூரையும் பக்கக் கூரையும் கூடும் மூலையில் துருப்பிடித்துப் போன, மழைநீரை வழியவிடும் தகரப் பீலி. மற்றது, வீதியை உயர்த்திப் போட்டதால் வளவு பள்ளமாகி, ஒழுங்கை வெள்ளம் விறாந்தைப் படிவரை வருவது. இரண்டுமே வீட்டின் பிழைகள் அல்ல.

வெடிப்புகளைப் பற்றியும் ஒரு சொல். பழைய வெடிப்புக்குள் தூசி அடைந்திருக்கும், அதன் விளிம்பு மழுங்கியிருக்கும். புதிய வெடிப்பின் விளிம்பு கூராகவும் உட்புறம் சுத்தமாகவும் இருக்கும். சந்தேகம் இருந்தால் வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டித் திகதியை எழுதிவிடலாம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். எங்கள் வீட்டில் யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடிய வெடிப்பைக் காட்டித்தான் "சுவர் போயிற்று" என்று சொன்னார்கள். அதில் ஒட்டிய கண்ணாடி ஒரு மாரியையும் ஒரு கச்சானையும் முழுதாகத் தாண்டியது. ஒன்றரைக் கல் கனமான சுவர் எப்போதோ ஒரு முறை அமர்ந்து, பின் அமைதியாகிவிட்டிருக்கிறது. அரசங்கன்றின் வேர் இறங்கிய பின்மூலைதான் உண்மையில் கவலைக்குரியது. கன்றை மேலோடு வெட்டினால் அது மறுபடி தளிர்க்கும்; அந்த மூலையில் சில வரிக் கற்களைக் கழற்றி, வேரை முழுதாக எடுத்து, திரும்பக் கட்டத்தான் வேண்டும்.

மரங்களைப் பார்க்க ஊரிலுள்ள முதிய தச்சரான ஓடாவியார் ஒருவரை அழைத்துச் சென்றேன். அவர் பார்த்த விதமே தனி. கண்ணால் பார்ப்பதற்கு முன் சுத்தியலின் பின்புறத்தால் தட்டிக் கேட்டார். பிறகு உளியின் முனையை மரத்தில் ஊன்றி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார். தீராந்திகள் என்னும் உத்தரங்களும் கைமரங்களும் முதிரை, நிலைகள் பாலை, றீப்பைகள் பனை. இவை படுவான்கரைக் காடுகளிலிருந்து வண்டியிலும் தோணியிலும் வாவியைக் கடந்து வந்த மரங்கள் என்று மாமியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "வெள்ளையைத்தான் கறையான் திண்டிருக்கு, வயிரத்தில வாய் வைக்கல்ல" என்பது ஓடாவியாரின் தீர்ப்பு. வெளியில் பார்த்தவர்களுக்கு முழுவதும் மண்புற்றாகத் தெரிந்த மரத்தில், அரை அங்குலத்தைச் செதுக்கி எறிந்தால் உள்ளே மஞ்சள் நிறத்தில் முதிரையின் வயிரம் மினுங்குகிறது. ஆனால் அவர் எச்சரித்த இடமும் உண்டு. தீராந்தியின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதியில் காற்றுப்படாது; ஒழுகிய நீர் அங்கேதான் தங்கும். நடுவில் இரும்பு போல இருக்கும் மரம் நுனியில் மாவாகியிருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படி இரண்டு நுனிகள் இருந்தன. இரண்டும் அந்தத் தகரப் பீலிக்கு நேர் கீழே.

கூரையின் கதை 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியோடு தொடர்புடையது. அந்த இரவில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கூரை இழக்காத வீடுகள் குறைவு. எங்கள் வீட்டின் முன்கூரை எப்படியோ தப்பியது. பின்கூரையின் ஓடுகள் போய்விட்டன. அதற்குப் பதிலாகத் தற்காலிகமாக என்று சொல்லி அஸ்பெஸ்டஸ் சீற் போட்டார்கள். அந்தத் தற்காலிகம் நாற்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. ஓடு வேய்ந்த பகுதியில் ஒவ்வோர் ஓட்டுக்கும் இடையில் உள்ள நுண்ணிய இடைவெளியால் சூடான காற்று மேலே கசிந்து போய்விடும். ஓட்டுத் தொழில் 1865இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன் மங்களூரில் ஆலை அமைத்ததோடு பெருகி, கடல் கடந்து நம் பக்கமும் வந்ததற்கு மழையைத் தடுத்தபடியே வெப்பத்தை விடும் இந்தக் குணமும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். சீற்றின் கீழ் அப்படி ஒரு வழியும் இல்லை. பகலில் வாங்கிய சூட்டை அப்படியே அறைக்குள் இறக்கிவிடுகிறது. அதை அகற்றும்போது உடைக்கவோ அரியவோ கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உடைந்தால் எழும் நார்த்தூசி நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாக இறக்கி, பொலித்தீனில் சுற்ற வேண்டும். அதைக் கோழிக்கூட்டுக்குக் கேட்டு வந்தவர்களுக்கு நான் மறுத்துவிட்டேன். அதில் சிறு மனஸ்தாபமும் உண்டு.

இவ்வளவும் வீடு நிற்குமா என்ற கேள்விக்கான பதில். நிற்கிற வீடு எதற்கு உதவும் என்பதை எங்களுக்குக் காட்டியது 2022ஆம் ஆண்டு. அந்த ஆண்டு பங்குனி இறுதியில் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை போனது. கொங்கிறீற்றுத் தட்டுப் போட்ட எங்கள் புதிய வீட்டில் மின்விசிறி நின்றால் இரவில் படுக்க முடியாது; வெயிலில் காய்ந்த தட்டு நள்ளிரவுவரை சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். மாமியார்தான் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு பழைய வீட்டு விறாந்தைக்குப் போகலாம் என்றார். பற்றையை வெட்டி, படியைக் கழுவி, அங்கே படுத்தோம். முன்வாசலும் நடுக்கதவும் பின்வாசலும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதை அதுவரை நான் சம்பிரதாயம் என்றே எண்ணியிருந்தேன். மூன்றையும் திறந்துவிட்டால் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று வீட்டின் ஊடாக வாவிப் பக்கம் போகிறது. இரவில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அதே வழியால் திரும்பி வருகிறது. நிலைகளுக்கு மேலே உள்ள மரச்சட்டத் துவாரங்கள் கதவைச் சாத்திய பிறகும் காற்றை விடுகின்றன. எட்டடி அகலமான விறாந்தை, கைக்கெட்டும் உயரத்துக்குத் தாழ்ந்த கூரை விளிம்பு ஆகிய இரண்டாலும் பொழுது ஏறிய பிறகு வெயில் அறைச் சுவரைத் தொடுவதே இல்லை. மின்சாரம் ஊருக்கு வருவதற்கு முன் கட்டியவர்கள், மின்சாரம் இல்லாமல் வாழக்கூடிய வீட்டைத்தானே கட்டியிருக்க முடியும்.

பழைய வீடுகளின் மதிப்பை நம் ஊரில் யாருமே அறியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். நன்றாக அறிந்தவர்கள் சிலர் லொறியோடு வருகிறார்கள். முதிரைக் கதவு, கருங்காலிக் கதிரை, செதுக்கு வேலை உள்ள நிலை, உருண்டைத் தூண், பித்தளைப் பிணைச்சல் என்று கேட்டு, காசை அங்கேயே எண்ணிக் கொடுப்பார்கள். கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1950களின் இறுதியில் தொடங்கி அடுத்தடுத்து நின்ற நான்கு சிறிய வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒரே வீடாக இணைத்தபோது, பழைய தூண்களையும் கதவுகளையும் எங்கெங்கிருந்தோ எடுத்துவந்து அதில் பொருத்தினார். அவர் 1960களின் தொடக்கத்தில் பத்திக் கலைஞர் ஏனா த சில்வாவுக்குக் கட்டிய முற்றமுள்ள வீடு பின்னாளில் கல் கல்லாகக் கழற்றப்பட்டு, பாவாவின் தோட்டமான லுணுகங்கையில் மறுபடி பொருத்தப்பட்டது. அந்த வேலைகளின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த ரசனை சந்தையாகி நம் ஊர்களுக்கு வந்து சேரும்போது, கதவு போகிறது, வீடு விழுகிறது. நிலையைக் கழற்றிய சுவர் இரண்டு மாரிக்குத் தாங்காது. எங்கள் நடுக்கதவுக்கும் விலை சொன்னார்கள். அந்தத் தொகையில் பின்கூரை முழுவதற்கும் ஓடு வாங்கலாம் என்பதை மாமியாரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு அவர்களுக்குத் தேநீர் கொடுத்தார்.

கறையானைவிடக் கூடுதலான வீடுகளைத் தின்பது பங்குப் பிரச்சினை. மட்டக்களப்பில் வீடு பெண் வழியாகப் போவது; தாய் மகளுக்குக் கொடுப்பாள், ஆண் மனைவியின் வீட்டுக்கு வருவான். நானும் அப்படி வந்த மருமகன்தான். இந்த வீட்டு விடயத்தில் என் சொல் மூன்றாம் இடத்தில் நிற்பது முறையே. ஆனால் அந்த வழக்கம் சீதன உறுதிப் பத்திரம் எழுதப்பட்டால்தான் செல்லுபடியாகும். எழுதாமல் ஒருவர் இறந்தால் 1876ஆம் ஆண்டின் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டப்படி ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் சம பங்கு. அம்மம்மா இடம்பெயர்வின்போது உறுதி எழுதாமலே காலமானார். ஆகவே ஊர் வாயில் மாமியாரின் வீடாக இருந்தது, சட்டத்தில் நான்கு பிள்ளைகளின் பிரிக்கப்படாத பங்குகளாகக் கிடந்தது. அவர்களுள் இருவர் வெளிநாட்டில். பங்காளிகளுள் எவரும் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின் கீழ் வழக்கு வைக்கலாம். ஒரே வீட்டை நான்காகப் பிரிக்க முடியாதபோது அது ஏலத்தில் போய் முடியலாம். ஓட்டுக்கும் சுண்ணாம்புக்கும் காசு செலவழிப்பதற்கு முன் காணிப் பதிவகத்தில் பதிவுகளைத் தேடி எடுத்தோம். வெளிநாட்டிலிருந்த இருவரும் தமக்காக ஒப்பமிட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவங்களைத் தூதரகத்தில் ஒப்பமிட்டு அனுப்பி, இங்கே நொத்தாரிசு முன்னிலையில் நன்கொடை உறுதி முடிந்தது. முன்னறைக்குச் சீமெந்து பூசுவித்த மாமாதான் முதலில் அனுப்பினார். வீடு பற்றிய வேலைகளுள் அதிக காலம் எடுத்ததும், கையில் தூசி படாமல் நடந்ததும் இது ஒன்றுதான்.

அடுத்து வந்த ஆலோசனை, விடுதியாக்கலாம் என்பது. பாசிக்குடாவைப் பார்த்துவிட்டு வந்த உறவினர்கள் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். விறாந்தையை அடைத்துக் குளிரூட்டிய அறைகளாக்கினால், இந்த வீட்டிடம் இருக்கும் ஒரே செல்வமான காற்றோட்டத்தை அடைத்து, அதற்கு மின்கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும். மனைவி ஆசிரியை, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க விறாந்தையைக் கேட்டிருக்கிறாள். நெல் உலர்த்தவும் கலியாணப் பந்தி வைக்கவும் அமைந்த இடத்தில் முப்பது பிள்ளைகள் நெரிசலில்லாமல் இருக்கலாம். உள்ளறைகளில் நாங்களும் மாமியாரும் குடியிருப்பதாக ஏற்பாடு. நெல் சேமிக்கும் பட்டறை இருந்த அறையில் புத்தக அலுமாரிகள் நிற்கும்.

ஐப்பசிக்கு முன் செய்யவிருப்பவை பீலி, தீராந்தி நுனிகள், பின்கூரைக்கு ஓடு, ஒழுங்கைப் பக்கமாக ஒரு வாய்க்கால் ஆகியன மட்டுமே. முன்னறைச் சீமெந்தைக் கொத்தி எடுப்பதைத் தைக்குப் பிறகு வைத்திருக்கிறோம். கொத்திய சுவர் ஒரு கச்சான் முழுவதும் திறந்தபடி காய வேண்டும், உப்பு உதிர வேண்டும், அதன் பின்புதான் சுண்ணாம்பு. மாமியார் ஒரு நிபந்தனை மட்டும் விதித்திருக்கிறார்: புதிய குளியலறையைப் பின்சுவரோடு ஒட்டிக் கட்டக்கூடாது. நனையும் அறை தள்ளியே நிற்கட்டும், இடையில் கூரை போட்ட நடைபாதை இருக்கட்டும் என்கிறார். வயதான காலத்தில் இரவில் நடக்க வேண்டியிருக்குமே என்று மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சுவரின் பக்கம் நின்று பார்த்தால் மாமியார் சொல்வதே சரி. ஆகையால் நடைபாதைக்குக் கைப்பிடியும் விளக்கும் வைத்து வரைபடத்தை மாற்றி, மாநகர சபை எல்லைக்கு வெளியே இருப்பதால் பிரதேச சபையில் அனுமதிக்குக் கொடுத்திருக்கிறேன்.